வாரத்துக்கு எட்டுக் காட்சி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சீரியலில் பெயர் வாங்கிய நடிகை ஒருவர் இசை நாடகத்தில் நாயகியாக வருகிறார் என்று அறிவித்தால் லண்டனானாலும் நியூயார்க்கானாலும் டிக்கெட் கவுண்டரில் கூட்டம் கூடும். கூடவே நாடகக்காரர்களிடம் ஒரு முணுமுணுப்பும் கிளம்பும்: "டிவி பெண்ணுக்கு இதெல்லாம் தாங்குமா?" கேள்வி நியாயம்தான். ஆனால் தாங்கவில்லை என்றால் யார் மேல் பழி போடுகிறோம் என்பதில்தான் எனக்குத் தகராறு.

2001ஐ எடுத்துக்கொள்வோம். லண்டன் நேஷனல் தியேட்டரில் 'மை ஃபேர் லேடி'. இயக்கம் ட்ரெவர் நன். நாயகி எலைசாவாக மார்ட்டின் மெக்கட்சன். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் டிஃப்பனியாக நடித்து நாட்டையே அழவைத்தவர். பாடத் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது; 1999இல் அவர் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்புறம் என்ன சிக்கல்?

சிக்கல் எலைசாவிடம் இருக்கிறது. கோவென்ட் கார்டனில் பூ விற்கிற பெண். முதல் பாதியில் பெரும்பகுதி அவள் பேசுவதே கத்தல். மூக்கும் தொண்டையும் சேர்ந்த ஓலம். அவளுக்கு மேட்டுக்குடி உச்சரிப்பைச் சொல்லித்தரும் பேராசிரியர் ஹிக்கின்ஸ் மேல் ஆத்திரம் வந்து அவரைச் சபித்து ஒரு பாட்டு, அதையும் அடித்தொண்டையில் பாட வேண்டும். கொஞ்ச நேரத்தில் உச்சரிப்பு கைகூடிவிடுகிறது, ஆடிப்பாடுகிறார்கள். அந்த மூச்சு அடங்குவதற்குள், இரவெல்லாம் ஆடியிருப்பேன் என்று மேல் ஸ்தாயியில் ஒரு பாட்டு. அதில் கடைசி சுரம் கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும். இவ்வளவும் ஒரே இடைவேளைக்கு முன்னால்! கத்திக் கரகரத்த தொண்டை அங்கே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சினிமாவில் இதற்கு வழி உண்டு. 1964 படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் வாயசைத்தார், பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்னி நிக்சன். பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் கேட்ட தலைமுறைக்குத் தெரியும், மேடையில் குரலை இரவல் வாங்க முடியாது.

தொலைக்காட்சியில் கடினமான காட்சியை ஒருமுறை சரியாக எடுத்துவிட்டால் போதும். லண்டனிலும் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளிலும் வாரத்துக்கு எட்டுக் காட்சி: ஆறு நாள் வேலை, அதில் இரண்டு நாள் பகலும் இரவும். சளி பிடித்தாலும் திரை ஏறும். மெக்கட்சனுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. பல காட்சிகளுக்கு வர முடியாமல் போக, மாற்று நடிகைகள் எலைசாவானார்கள். பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன. ஆனாலும் 2002இல் இசை நாடகத்தின் சிறந்த நடிகைக்கு லண்டன் நாடக உலகம் தரும் ஒலிவியே விருது அவருக்குத்தான் வந்தது. வந்த நாளில் பிரமாதமாகச் செய்தார் என்றுதானே அர்த்தம்? அவருக்குப் பின் எலைசா ஆன ஜோவன்னா ரைடிங்குக்கு அடுத்த ஆண்டு அதே விருது. இவர் மேடையிலேயே வளர்ந்தவர்.

மேடைக்காரர்களுக்கு மட்டும் தொண்டை இரும்பா என்ன? 1956இல் இருபது வயதில் எலைசாவைத் தொடங்கி, இரண்டு நகரங்களிலுமாக மூன்றாண்டுக்கு மேல் தாங்கியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். அவரே 1997இல் குரல் நாண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பாடும் குரலை இழந்தார். நடிகை பாட்டி (Patti) லுபோன் 1979இல் பிராட்வேயில் 'எவிட்டா' இசை நாடகம் செய்தபோது பகல் காட்சிகளை டெரி கிளாஸ்னர் பார்த்துக்கொண்டார். லுபோன் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் படித்த அசல் மேடைக்காரி! அவருக்கே அந்தச் சலுகை தேவைப்பட்டது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சீரியலில் இருந்து வருகிறவரிடம் மட்டும் எட்டையும் எதிர்பார்த்தால் எப்படி? பெயரைக் காட்டி வசூல் பண்ணும் தயாரிப்பாளர், அந்தத் தொண்டைக்கு ஓய்வு ஒதுக்குவதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டாமா?

2022இல் நியூயார்க்கில் 'ஃபன்னி கேர்ள்' அதைச் செய்து காட்டியது. 1964இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் செய்த ஃபேனி வேடம். மேடையை விட்டு நாயகி இறங்குவதே அபூர்வம். செப்டம்பர் 6 முதல் லியா மிஷெல். 'க்ளீ' தொடரில் அவர் நடித்த ரேச்சல், இதே வேடத்துக்காக ஏங்கித் தவித்த பெண்! விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? டிவி நட்சத்திரம் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். ஆனால் 1995இலேயே சிறுமியாகப் பிராட்வேயில் நடித்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் வியாழக்கிழமைக் காட்சி கிடையாது. அன்று ஃபேனியாக வந்தவர் ஜூலி பென்கோ. 'இன்று மாற்று நடிகை' என்று திடீரென ஒட்டுகிற துண்டுச் சீட்டு இல்லை. முன்கூட்டியே அறிவித்த ஏற்பாடு. நாள் தெரிந்துதான் டிக்கெட் வாங்கினார்கள். முந்தைய நாயகி விலகியபின் ஆகஸ்ட் முழுவதும் நாடகத்தைச் சுமந்தவரும் இதே பென்கோதான். அதற்குள் அவருக்கென்றே ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

என் பேச்சு இவ்வளவுதான். பாடகர்கள் இரண்டு மூன்று பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். தொண்டையைப் பற்றி என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.