சோன்பிளிக் மலையடியில் தங்கம் தேடியவர்களின் வீடு

வணக்கம். ஆஸ்திரியாவின் ஹோஹே டாவெர்ன் மலைத்தொடரில், ரௌரிஸ் பள்ளத்தாக்கின் கடைக்கோடியான கோல்ம் சைகுர்னிலிருந்து காலையில் ஏறத் தொடங்கி, கூரை போய்ச் சுவர் மட்டும் எஞ்சியிருக்கும் இந்தக் கல் வீட்டின் முன் இப்போது நிற்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் இதுதான் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கியிருந்த வீடு. சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை. அடுப்பெரிக்கும் விறகையும் கீழேயிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே என்னை உலுக்கிவிட்டது.

சால்ஸ்பர்க் பேராயர்கள் இந்த நிலத்தை ஆண்ட 16ஆம் நூற்றாண்டில்தான் இங்குள்ள சுரங்கங்கள் உச்சத்தில் இருந்தன. 1557இல் மட்டும் ரௌரிஸ், காஸ்டைன் ஆகிய இரு பள்ளத்தாக்குகளிலும் சேர்த்து ஏறத்தாழ 830 கிலோ தங்கம் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. பிறகு குளிர் கூடிப் பனியாறுகள் கீழிறங்கி, உயரத்திலிருந்த சுரங்க வாய்கள் சிலவற்றை மூடிவிட்டன. கைக்கு எட்டிய தாது தீர்ந்துபோனதும், எடுக்கும் செலவு ஏறியதும் சரிவை விரைவுபடுத்தின.

வெட்டிய தாதுவைக் கீழே சேர்த்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மயிர் வெளிப்புறம் இருக்கும்படி தைத்த பன்றித்தோல் சாக்குகளில் தாதுவை நிரப்பி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, முன் சாக்கின்மேல் ஒருவர் அமர்ந்துகொண்டு, கையிலிருந்த கோலையும் தம் கால்களையும் பனியில் ஊன்றி வேகத்தை அடக்கியபடி, செங்குத்தான சரிவில் சறுக்கி இறங்குவார். வெறும் சாக்குகளை மீண்டும் மேலே சேர்க்க நாய்களைப் பழக்கியிருந்தார்கள். அதோ அந்தச் சரிவைப் பாருங்கள். கோடையில் கைத்தடியுடன் இறங்கவே எனக்குக் கால் கூசுகிறது; அவர்கள் இதைக் குளிர்காலத்தில், பனிச்சரிவு எப்போது வருமோ என்ற அச்சத்தோடு செய்தார்கள்.

இக்னாஸ் ரோயாஹர் என்பவரை நான் மிகவும் மதிக்கிறேன். 1844இல் பிறந்து இதே சுரங்கத்தில் உழைத்த அவர், நட்டத்தில் ஓடிய சுரங்கத்தை 1876இல் குத்தகைக்கு எடுத்துப் பின்னர் விலைக்கே வாங்கினார். கோல்ம் சைகுர்னுக்கு மின்விளக்கையும் கொண்டுவந்தார். இத்தனை செய்தும் தங்கம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் வானிலை அறிஞர் யூலியஸ் ஹான் உயரமான சிகரம் ஒன்றில் ஆய்வகம் அமைய வேண்டுமென்று விரும்பியபோது, தம் தொழிலாளர்களைக் கொண்டே 3,106 மீட்டர் உயரமுள்ள சோன்பிளிக் உச்சியில் அதைக் கட்டியெழுப்பியவர் ரோயாஹர்தான். அது 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 1891இல் அவர் காலமானார்.

கேமராவைச் சற்று உயர்த்துகிறேன்; அந்த உச்சியில் சிறு புள்ளியாகத் தெரிவது அதே ஆய்வகம்தான். அங்கே இன்றும் ஆட்கள் தங்கி வெப்பநிலையைப் பதிந்து வருகிறார்கள். அதன் அடியில் கிடக்கும் கோல்ட்பெர்க் பனியாறு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதையும் ஆண்டுதோறும் அளக்கிறார்கள்.