தனி மரம் தோப்பாகாது: '127 ஹவர்ஸ்' திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரை

(போடிநாயக்கனூரில் வாசகர்கள் கூடி நடத்திய திரையிடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் படம் முடியும்வரை எழுந்து போகாமல் அமர்ந்திருந்த வனத்துறை அதிகாரி அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் அரசு மருத்துவர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, மலையடிவார ஊர்களிலிருந்து கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, கல்லூரித் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். தலைமை ஆசிரியர் ஐயாவிடம் நான் படித்தவன். அவர் தலைமையில் பேசக் கிடைத்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

வந்தவுடன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்புக்கு நன்றி. அடுத்த முறை அந்தப் பணத்துக்கு நாலு குயர் நோட்டு வாங்கித் தாருங்கள். நோட்டு எதற்கென்று போகப்போகத் தெரியும்.

மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, இந்தப் படம் எடுக்கப்பட்ட விதம். இரண்டு, நம் ஏ.ஆர்.ரஹ்மானின் இசை. மூன்று, காட்டில் அடிபட்டவருக்கு முதலுதவி. இவை மூன்றுக்கும் அடியில் ஒரு பழமொழி ஓடுகிறது. என் பேச்சை முன்பு கேட்டவர்களுக்கு அது தெரியும். தனி மரம் தோப்பாகாது.

கதையை நீங்கள் இப்போதுதான் பார்த்தீர்கள். ஆனால் அது கதை இல்லை, நடந்தது. ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர், வயது 27. இயந்திரவியல் படித்தவர். இன்டெல் நிறுவன வேலையை 2002-இல் விட்டுவிட்டு மலையேறுவதற்கென்றே கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் நகரில் குடியேறியவர். 2003 ஏப்ரல் 26, சனிக்கிழமை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூஜான் கேன்யன் என்ற பாறைப் பிளவுக்குத் தனியாகப் போனார். சில இடங்களில் ஓர் ஆள் உடம்பை ஒடுக்கித்தான் நுழைய முடியும், அவ்வளவு குறுகல். இறங்கும்போது, பிடித்திருந்த பாறை உருண்டு அவருடைய வலது கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பாறையின் எடை ஏறத்தாழ 360 கிலோ. கையில் இருந்தது 350 மில்லி அளவு தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, ஒரு கயிறு, ஒரு வீடியோ கேமரா, மழுங்கிப்போன மலிவுக் கத்தி ஒன்று.

அப்புறம் ஐந்து நாள். கத்தியால் பாறையைச் செதுக்கினார், அசையவில்லை. கயிற்றை மேலே மாட்டி இழுத்தார், அசையவில்லை. தண்ணீர் தீர்ந்து தன் சிறுநீரையே குடித்தார். அப்பா அம்மாவுக்குக் கேமராவில் விடை சொன்னார். தன் பெயரையும் பிறந்த தேதியையும், தான் சாகப்போகும் நாள் என்று நம்பிய தேதியையும் சுவரில் கீறி வைத்தார். மே 1-ஆம் தேதி காலையில் ஆத்திரத்தில் கையைப் பிடித்து இழுத்தபோது எலும்பு வளைவதை உணர்ந்தார். வளைந்தால் ஒடியும் என்று அவர் படித்த படிப்பு சொல்லியது. முன்கையின் இரண்டு எலும்புகளையும் ஒடித்து, தண்ணீர்ப் பையின் குழாயால் கையை இறுக்கிக் கட்டி, அந்த மழுங்கிய கத்தியாலேயே அறுத்து வெளியே வந்தார். அதற்குமேல் ஒற்றைக் கையோடு கயிற்றில் தொங்கி சுமார் 65 அடி இறங்கினார். வெயிலில் நடந்தார். இந்த மன உறுதியைப் பார்த்து நாம் கைகூப்ப வேண்டும். நான் கூப்புகிறேன்.

படமாக்கிய விதத்துக்கு வருகிறேன். இயக்குநர் டேனி பாயில். ஆளை அசைய விடாத ஓர் இடுக்கில் ஒன்றரை மணி நேரப் படத்தை நடத்துவது லேசான காரியமில்லை. ஜேம்ஸ் பிராங்கோ என்ற நடிகர் ஏறத்தாழ ஒற்றை ஆளாகத் தாங்கியிருக்கிறார். தினமும் காலையில் சிறிது நேரம் மட்டும் உள்ளே எட்டிப்பார்க்கும் வெயிலில் அவர் காலை நீட்டிச் சூடு வாங்கிக்கொள்வாரே, அந்த இடத்தில் இந்த மண்டபமே மூச்சடக்கி இருந்ததை நான் பார்த்தேன். ரஹ்மான் இசை பற்றி நிறையச் சொல்லலாம். 2011 ஆஸ்கர் விழாவில் படம் 6 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. இசைக்கும், 'இஃப் ஐ ரைஸ்' பாட்டுக்குமாக இரண்டு பரிந்துரைகள் ரஹ்மானுடையவை. அந்த மேடையில் அவரே அந்தப் பாட்டைப் பாடினார். விருது கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அறுக்கும்போது நரம்பைத் தொடுகிற நொடியில் ஓர் ஒலி வருகிறது பாருங்கள், அதற்குப் பல பேர் காதைப் பொத்தினீர்கள். அது போதும்.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு காட்சிகள். படத்தின் தொடக்கத்தில் வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. எடுக்கவில்லை. நல்ல கத்தி அலமாரியில் இருக்கிறது. கை துழாவுகிறது, அகப்படவில்லை, கிளம்பிவிடுகிறார். பிறகு பிளவுக்குள் சிக்கிக்கொண்டு, கேமராவின் முன்னால் தன்னைத்தானே பேட்டி எடுக்கிறாரே, அந்தக் காட்சி. எங்கே போகிறாய் என்று யாரிடமாவது சொன்னாயா என்று அவரே கேட்டுக்கொள்கிறார். சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரைச் சிக்கவைத்தது பாறை, சரி. ஐந்து நாள் அங்கேயே இருக்கவைத்தது எது? அவர் எங்கே இருக்கிறார் என்று உலகத்தில் ஓர் உயிருக்கும் தெரியாது என்பதுதான். சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடுவேன், வராவிட்டால் புளூஜான் கேன்யனில் தேடுங்கள் என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே ஆள் போயிருக்கும். பின்னால் அந்தப் பாறையை நகர்த்திக் கையை எடுக்க ஒரு டஜன் பேரும் ஜாக்கியும் தேவைப்பட்டார்கள். ஆள் கூடினால் நகர்கிற பாறைதான் அது. தனி மரம் தோப்பாகாது.

இங்கே எங்கள் அம்மாவின் ஊரில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். மலைக்குப் போகிற பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை. கடையை நடத்தியது ஒரு ஆத்தா. எழுத்துப் படிக்காதவர். விடியக் கருக்கலில் ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், காப்பி மூட்டை இறக்குகிறவர்கள், இலவமரக் காவலுக்குப் போகிறவர்கள், கழுதைப் பொதிக்காரர்கள் எல்லோரும் அங்கே டீ குடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். காசு, இறங்கி வரும்போது. அதனால் ஒவ்வொருவர் பேருக்கும் அடுப்புக்குப் பின்னால் புகையேறிக் கறுத்த சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். எந்தக் கோடு யாருடையது என்பது அவருக்கு மட்டும் தெரியும். இறங்கி வந்து காசு கொடுத்ததும் ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துவிடுவார்.

ஐப்பசி மாதம், ஒரு சாயங்காலம். மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள், கோடு அழிந்துகொண்டே வந்தது. கடை எடுத்து வைக்கிற நேரத்தில் ஒரே ஒரு கோடு மிச்சம். மாந்தோப்புக் காவலுக்குப் போன ஒரு பெரியவருடையது. மகன் சொன்னான்: "ஒரு டீக் காசுதானத்தா, விடு. நாளைக்கு வாங்கிக்கிறலாம்." ஆத்தா சொன்னார்: "காசுக்காடா நிக்கிறேன்? கோடு நிக்குதுடா!"

நேராக ஊருக்குள் போனார். ஆம்பிளைகள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். "மழைக்குத் தோட்டத்து லைன் வீட்டுல ஒண்டியிருப்பாரு, காலையில வந்துருவாரு" என்றார்கள். "அவரு பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா. நீங்க படுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கோயிலுக்குப் போய், பூசாரியைக் கேட்காமல் மணியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். ராத்திரி நேரத்தில் கோயில் மணி அடித்தால் ஊர் என்ன ஆகும்? தீப்பிடித்ததா, திருடன் வந்தானா என்று அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கையில் பெட்ரோமாக்ஸைக் கொடுத்து, "போங்க மேல" என்றார்.

போனார்கள். என் தாய்மாமனும் போனார், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது ஒரு முனகல். பெரியவர் வழுக்கி விழுந்து, இரண்டு பாறைக்கு நடுவில் கால் மாட்டிக் கிடக்கிறார். ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இடுப்பளவு வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். நகர்ந்துவிட்டது! கால் முறிந்திருந்தது, ஆள் பிழைத்தார். கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு டீக்கடை வாசலுக்கு வந்தபோது விடிகிற நேரம். ஆத்தா வந்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் துணியை நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்தார். அதன்பிறகு வெளியே வந்து சொன்னார்: "டீக் காசை நீ நடந்து வந்து குடு."

(கைதட்டல்)

நடந்து வந்தார் ஐயா! என் கல்யாணத்துக்கே அவர் நடந்து வந்து மொய் எழுதினார். அந்தப் பெரியவருக்கும் ரால்ஸ்டனுக்கும் நேர்ந்த விபத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரியவருக்குச் சுவரில் ஒரு கோடு இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் படத்தைத் தனியொருவன் தப்பித்த கதை என்கிறார்கள். பாறையிலிருந்து விடுபட்டது அவர் தனியாகத்தான். அதற்குப் பின்? வழியில் நெதர்லாந்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் எதிர்ப்பட்டுத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தது. இன்னொரு பக்கம், மகனைக் காணோமே என்று அம்மா போலீஸைக் கூப்பிட்டிருந்தார். தேடுகிறவர்கள் புறப்பட்டிருந்தார்கள். அதனால்தான் சரியான நேரத்தில் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே வந்தது. ரத்தம் போய்க்கொண்டிருந்த நிலையில் அது வராமல் இருந்திருந்தால் இந்தப் படமும் இல்லை, நாம் இங்கே கூடவும் இல்லை. தனி மரம் தோப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம். அந்த அம்மாவுக்குத்தான் நான் பொன்னாடை போர்த்துவேன்.

குரங்கணியைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11. அந்த மலையில் பிடித்த காட்டுத்தீயில், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். முதலில் மேலே ஓடியவர்கள் இந்த அடிவாரத்து மக்கள்தான். டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கூச்சப்படுத்த மாட்டேன், இருந்த இடத்திலிருந்தே என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அதன்பிறகு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் மாநிலம் முழுக்க 40 மலையேற்றத் தடங்களை இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற ஏற்பாடும் வந்துவிட்டது. வனத்துறைக்கு நன்றி சொல்கிறேன், அதிகாரி அவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஏற்பாடு சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு. தினமும் ஏறி இறங்குகிற தோட்டத் தொழிலாளிக்கு, ஆடு மேய்க்கிறவருக்கு, தேன் எடுக்கிறவருக்கு, சாமி கும்பிடப் போகிறவருக்கு என்ன இருக்கிறது? வெள்ளியங்கிரிக்குப் போனவர் மூச்சுத் திணறி இறந்தார் என்ற செய்தி பருவம் தவறாமல் வருகிறது. செல்போன் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் ஏது? சிக்னல் இருந்தாலும், மயங்கிக் கிடப்பவர் எந்த எண்ணை அழுத்துவார்?

நான் கேட்பது ஒரு நோட்டு. மலைப்பாதை தொடங்குகிற ஒவ்வோர் இடத்திலும், டீக்கடையிலோ ரேஷன் கடையிலோ, நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டு. ஐந்து கட்டம். பெயர், போகிற இடம், புறப்பட்ட நேரம், திரும்புகிற நேரம், வீட்டுத் தொலைபேசி எண். எழுதத் தெரியாதவருக்குக் கடைக்காரர் எழுதுவார். திரும்பி வந்ததும் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆகியும் அடிக்கப்படாத பெயர் இருந்தால் கடைக்காரர் முதலில் வீட்டுக்குப் போன் செய்வார், அடுத்தது 112. இதற்குச் சட்டம் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம்.

படம் முடிந்து எழுத்து ஓடும்போது பாதிப் பேர் எழுந்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அந்த ரால்ஸ்டன் மலையேறுவதை விடவில்லை. கொலராடோவில் 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் அத்தனையிலும் குளிர்காலத்தில் தனியாக ஏறி முடித்தார். ஆனால் இப்போதெல்லாம் எங்கே போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார் என்று படத்தின் முடிவில் வருகிறது. தயவுசெய்து அந்த ஒரு வரிக்காகவாவது வீட்டில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அறுக்கும் காட்சியில் மட்டும் சின்னப் பிள்ளைகள் வேண்டாம்.

முதலுதவி பற்றி மருத்துவர் அம்மா எனக்குப் பின்னால் பேசப்போகிறார், அவர் பேசுவதுதான் முறை.

மே 1 கிராம சபை நாள். ரால்ஸ்டன் வெளியே வந்ததும் மே 1. அன்றைக்கு அடிவார ஊராட்சிகள் அத்தனையிலும் இந்த நோட்டுக்குத் தீர்மானம் போட வேண்டும். ஊராட்சித் தலைவர்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களிடமே கேட்கிறேன். தீர்மான வாசகத்தை எழுதி, நகல் எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் மனுவும் பேனாவும் இருக்கின்றன. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போட வழிவிடுங்கள். மருத்துவர் அம்மாவைப் பேச அழைக்கிறேன். நன்றி, வணக்கம்.