காய்ச்சல் அடிக்காத ஃப்ளூ

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகம், கல்லீரல், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்கு ஃப்ளூ வந்தால் என்ன மருந்து, எத்தனை நாள் என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

வைத்த உறுப்பை உடல் தள்ளிவிடக் கூடாது என்று இவர்கள் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு போன்றவற்றைச் சாப்பிடுகிறார்கள். அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால் ஃப்ளூ வந்தாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். இருமல், அசதி, கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். "காய்ச்சல்தான் இல்லையே" என்று கஷாயம் வைத்துக் குடித்து நாலு நாள் போக்கிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அதற்குள் வைரஸ் நுரையீரலில் இறங்கியிருக்கும்.

முதல் மருந்து ஒசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்றால் பலருக்குத் தெரியும். ஒரு செல்லில் பெருகிய வைரஸ் வெளியேறி அடுத்த செல்லுக்குப் போகாமல் தடுக்கிறது. அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஆனால் அந்தக் கெடு தாண்டிவிட்டது என்று இவர்களுக்கு மருந்தை மறுக்கவே கூடாது. மற்றவர்கள் உடலில் ஒரு வாரத்தில் அடங்கும் வைரஸ் இவர்களிடம் வாரக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கும். பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம். மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கலாம்.

சரி, எத்தனை நாள்? வழக்கமாக 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 5 நாள். இவர்களில் பலருக்கு மருத்துவர் 10 நாளோ அதற்கு மேலோ நீட்டிப்பார். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் அளவைக் குறைப்பார்.

நீட்டுவதிலும் ஒரு சிக்கல். மருந்து இருக்கும்போதே வைரஸ் நெடுநாள் பெருகினால் மருந்துக்கு மசியாத வகை உருவாகலாம். எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸில் எச்275ஒய் என்ற மரபணு மாற்றம் அப்படிப்பட்டது. அப்போது மூச்சில் இழுக்கும் மருந்தான சனாமிவிர் பெரும்பாலும் கைகொடுக்கும். ஊசி மருந்தான பெராமிவிரை நம்ப முடியாது, அதே மாற்றம் அதையும் பாதிக்கும். 2018-இல் ஜப்பானில் வந்த பலோக்சாவிர் என்ற ஃப்ளூ மாத்திரையை ஒரே வேளை விழுங்கினால் போதும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே பரிந்துரைப்பதில்லை.

உறுப்பு மாற்று மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி இவர்களுக்கு ஊசியாகத்தான் இருக்க வேண்டும், மூக்கில் அடிக்கும், உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பு மருந்து கூடாது. வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். வணக்கம்.