தேக்காவின் அஞ்சல் குறியீட்டுக்குள் என்ன இருக்கிறது?

(திரையில்: 210665)

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சந்தைக் கட்டடமான தேக்கா நிலையத்துக்குக் கடிதம் போட்டவர்களுக்கு இந்த எண் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1995-இல் வந்தது. முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும். கடைசியில் நிற்கும் 665, பஃப்ளோ ரோட்டில் அந்தக் கட்டடத்தின் புளோக் எண். தபால்காரருக்கு அவ்வளவு போதும்.

5-இல் முடிகிறது, அதனால் 5-ஆல் வகுபடும். 7-ஆல்? நீள் வகுத்தல் வேண்டாம். எண்ணை நடுவில் வெட்டுங்கள்: 210, 665. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 455. இது 7-ஆல் வகுபடும், 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. முழு எண்ணுக்கும் அதே தீர்ப்புதான்!

காரணம் 1001. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் வருவது அது. நம் எண்ணை 210 × 1001 + 455 என்று எழுதலாம். முதல் பகுதி இந்த மூன்றாலும் தானாகவே வகுபடும், மிச்சமுள்ள 455-ஐ மட்டும் பார்த்தால் போதும். அதை ஞாபகத்தில் வையுங்கள், அப்புறம் வரும்.

இப்போது வேறு வழி. 1643-வாக்கில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா ஒரு கடிதத்தில் எழுதிய முறை. நம் எண்ணைவிடச் சற்றுப் பெரிய வர்க்க எண்ணை எடுத்து, அதிலிருந்து நம் எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சமும் வர்க்க எண்ணாக இருந்தால் காரணிகள் கிடைத்துவிட்டன. இல்லையென்றால் அடுத்த வர்க்கம். அவர் எடுத்துக்கொண்ட 2027651281, பன்னிரண்டாவது முயற்சியில்தான் மாட்டியது. தேக்கா எண்? 459-இன் வர்க்கம் 210681. கழித்தால் 16. நாலு நாலு பதினாறு. முதல் முயற்சியிலேயே!

(திரையில்: 459² − 4² = 455 × 463)

459-இல் 4 குறைத்தால் 455, 4 கூட்டினால் 463. இரண்டையும் பெருக்கினால் நம் எண். வரிசைக்கு 463 புள்ளியாக 455 வரிசை வைத்தால், ஏறக்குறைய சதுரமான ஒரு கோலம். தீபாவளி நேரத்துத் தேக்காவில் அதற்கு இடம் கிடைக்காது, அது வேறு கதை.

சரி, இந்த 455-ஐ எங்கேயோ பார்த்தோமே? கழித்து வந்த அதே எண்! 210-க்குள் ஒரு 5, 1001-க்குள் 7-உம் 13-உம். அதனால் 210210-ஐ 455 மிச்சமில்லாமல் வகுக்கிறது, 462 தடவை. கூட இன்னொரு 455 சேர்ந்ததும் 463. புளோக் எண் 664 என்று இருந்திருந்தால் இந்த வேடிக்கையே இல்லை.

463 பகா எண். 455 மட்டும் 5 × 7 × 13 என்று உடையும். ஆக மொத்தம் நான்கு பகா காரணிகள், ஒன்றும் இரண்டு தடவை வரவில்லை, வகுத்திகள் 16.

ஃபெர்மாவின் முறையைப் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ மறையாக்கம், அதாவது செய்திகளைப் பூட்டி ரகசியமாக அனுப்பும் முறை, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலை நம்பி நிற்கிறது. அந்த இரண்டும் நம் 455, 463 போல மிக நெருங்கி இருந்தால், நூற்றுக்கணக்கான இலக்கம் இருந்தாலும் பூட்டு இதே வழியில் திறந்துகொள்ளும்.

என் வீட்டுக் குறியீட்டையும் வெட்டிப் பார்த்தேன். 2-ஆல் வகுபடுகிறது. அவ்வளவுதான்.