கான்சல் நீதிமன்றம் போனது, குத்தகை நின்றது

நண்பர்களே, வெளிநாட்டவர் ஒருவர் தான் தங்கியிருக்கும் நாட்டில் குற்றம் செய்தால், அவருடைய சொந்த நாட்டுக் கான்சல்தான் (அங்கே இருக்கும் அந்நாட்டுத் தூதரக அதிகாரி) விசாரிப்பார் என்றொரு ஏற்பாடு முன்பு இருந்தது. சீனாவில் இருந்தது, சயாமில் இருந்தது, எகிப்தில் இருந்தது. அது ஒழிந்த பிறகு அந்த வெளிநாட்டவருக்கு என்ன பாதுகாப்பு? இன்று ஜப்பானை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1886 அக்டோபரில் நார்மன்டன் என்ற பிரிட்டிஷ் கப்பல் ஜப்பான் கரையோரம் மூழ்கியது. கேப்டனும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினார்கள். ஜப்பானியப் பயணிகள் 25 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நம் இந்திய மாலுமிகளும் அதில் செத்தார்கள். கோபேயில் பிரிட்டிஷ் கான்சல் விசாரித்து, கேப்டன்மேல் தப்பில்லை என்றார். நாடே கொதித்த பிறகு யோகோஹாமாவில் மறுபடி விசாரித்தார்கள். தண்டனை 3 மாதச் சிறை, அவ்வளவுதான்!

சரி, அந்த ஏற்பாட்டை எப்படி ஒழிப்பது? உச்ச நீதிமன்றத்தில் வெளிநாட்டு நீதிபதிகளையும் உட்காரவைப்போம் என்று வெளியுறவு அமைச்சர் ஒகுமா ஒரு சமரசத்துக்குத் தயாரானார். 1889-இல் அவர் வண்டிமேல் குண்டு வீசினார்கள், ஒரு காலை இழந்தார். திட்டமும் போயிற்று.

கடைசியில் 1894-இல் அந்த ஏற்பாட்டை ஒழிக்கும் ஒப்பந்தம் பிரிட்டனோடு கையெழுத்தாகி, 1899 ஜூலை 17-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வெளிநாட்டவருக்குக் கிடைத்தவை நியாயமானவை என்றே சொல்வேன். நாடு முழுவதும் போகலாம், தங்கலாம். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு உண்டு. ஜப்பானியர் போலவே நீதிமன்றம் ஏறலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வீட்டைச் சோதனை போடுவதென்றால் உள்ளூர்க்காரர் வீட்டுக்கு உள்ள அதே சட்டப்படிதான். கட்டாய ராணுவச் சேவை கிடையாது. இதற்கு மேல் ஒரு விருந்தாளி என்ன கேட்பார்?

ஆனால் கேட்டார்கள். யோகோஹாமா, கோபே, நாகசாகி குடியிருப்புகளில் வெளிநாட்டவர் நிரந்தரக் குத்தகையில் நிலம் வைத்திருந்தார்கள். அந்தக் குத்தகைகள் அப்படியே தொடரும், அவற்றில் உள்ள நிபந்தனைகளைத் தவிர வேறு எந்த நிபந்தனையும் விதிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 18-ஆவது பிரிவில் எழுதிக்கொண்டார்கள். படிக்கும்போது சாதுவான வரிதான்.

அப்புறம் ஜப்பான் அந்த வீடுகளுக்கு வரி போட்டது. குத்தகை நிலத்துக்குத்தானே, மேலே நிற்கும் வீட்டுக்கு வரி கட்டினால் என்ன என்பது ஜப்பானின் வாதம். வீடு கட்டத்தான் நிலமே கொடுக்கப்பட்டது, ஆகவே வீடும் குத்தகைக்குள் அடக்கம் என்றன பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும். வழக்கு, நாடுகளுக்கு இடையிலான தகராறுகளைத் தீர்க்கும் ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போனது. நடுவர்கள் மூவர்: ஒரு நார்வேக்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு ஜப்பானியர். 1905 மே மாதம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜப்பான் தோற்றது.

பக்கத்து வீட்டு ஜப்பானியர் வரி கட்டுவார், இவர் கட்டமாட்டார். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய சலுகைதான், நீதிமன்றத்தை விட்டுவிட்டுச் சொத்துப் பத்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1937-இல்தான் இதற்கு ஒரு தீர்வு பேசி முடித்தார்கள்: 1942-இல் குத்தகைகள் சாதாரணச் சொத்துரிமையாக மாறும் என்று. அந்த ஆண்டு வந்தபோது ஜப்பானும் பிரிட்டனும் போரில் இருந்தன.