அப்பத்தா வீசிய மண்

(‘மனோகரா’ படத்தைத் தாங்கி நிற்பது மனோகரனின் தாய் பத்மாவதியின் பொறுமையா, மன்னனின் ஆசைநாயகி வசந்தசேனையின் வஞ்சகமா என்ற பட்டிமன்றத்தில், ‘வஞ்சகமே’ என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். வணக்கத்திலேயே இரண்டு நிமிடத்தைக் கரைக்க எனக்கு மனமில்லை.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா, பத்மாவதியாக நடித்த கண்ணாம்பாவைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நானும் சேர்ந்துதான் கைதட்டினேன். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் அம்மா, 1942-இல் கண்ணகியாக நின்று தமிழ்நாட்டையே நடுங்க வைத்தவர். அவரைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராது. ஆனால் ஐயா அத்தோடு விட்டாரா? போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, “வசந்தசேனைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிற சகோதரி, தம் வீட்டுப் பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பாரா?” என்று கேட்டுவிட்டுப் போய் அமர்ந்துகொண்டார். பந்தல் அதிர்ந்தது. நடுவர் ஐயாவும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த ஒலிபெருக்கியை விட்டு நகர மாட்டேன். அதற்கு முன்னால் என் அப்பத்தாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை. தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரையில் ஆற்று மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. எனக்கு எட்டு வயது. ‘மனோகரா’ வந்து இருபது வருடம் ஆகியிருந்தாலும் எங்கள் ஊருக்கு அது புதுப்படம்தான். அப்பத்தா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். படம் ஓடுகிறது. பட்டத்து ராணிக்கு உரிய இருக்கையில், மன்னனுக்குப் பக்கத்தில், வசந்தசேனை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். என் அப்பத்தா ஒரு கைப்பிடி மணலை அள்ளித் திரையைப் பார்த்து வீசிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். இருங்கள், இன்னும் மண் கீழே விழவில்லை.

அந்த மண் திரைக்குப் போய்ச் சேர்ந்ததா? எண்பது அடி தூரம் எங்கே, அறுபது வயதுக் கை எங்கே? தடுப்புக்கு அந்தப் பக்கம், தலை நிறைய எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்திருந்த ஒரு மாமா மேல் கொட்டியது. எண்ணெய்த் தலையில் ஆற்று மணல்! அவர் எழுந்து, “யாரது?” என்று அலறினார். யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள். என் அப்பத்தா எழுந்து நின்று, “உன்னை இல்லையப்பா, நீ உட்கார். அந்தச் சிறுக்கியைத்தான் எறிந்தேன்” என்றார். அந்த மாமா கோபித்துக்கொண்டாரா? இல்லை. அவரும் திரையைத் திரும்பிப் பார்த்தார். தலையைத் தட்டிவிட்டுக்கொண்டே, “எறிவதுதான் எறிகிறீர்கள், கொஞ்சம் பலமாக எறியக் கூடாதா ஆத்தா?” என்றார்.

நடுவர் ஐயா, மணியிலிருந்து கையை எடுங்கள். மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பத்தா மறுபடியும் கிளம்பினார். “நேற்றுத்தானே பார்த்தோம், அதே படம்தானே?” என்றேன். “பார்ப்போம் வா, இன்றைக்காவது அந்தப் பாதகி திருந்துகிறாளா என்று” என்றார். திருந்துவாளா? அன்றைக்கும் அதே இருக்கை, அதே நிமிர்வு, அதே பார்வை. மூன்றாம் நாளும் போனோம். அன்றைக்கு வழியிலேயே குனிந்து எதையோ முந்தானையில் முடிந்துகொண்டார். கொட்டகை மணல் லேசாக இருக்கிறதாம், பறந்துவிடுகிறதாம்; அதற்காகக் கண்மாய்க் கரையில் பொறுக்கிய கூழாங்கல்! எண்ணெய்த் தலை மாமாவின் நல்ல நேரம், அன்றைக்கு அவர் பெஞ்சு டிக்கெட் வாங்கிப் பின்னால் போய்விட்டார்.

இப்போது எதிரணிக்கு ஒரு கேள்வி. மூன்று நாள், மூன்று டிக்கெட், களையெடுத்த கூலிக் காசு. அப்பத்தா யாரைப் பார்க்கப் போனார்? மனோகரனையா? மனோகரன் வசனம் பேசுகிற இடத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சிவாஜி கணேசன், கலைஞரின் வசனத்தைச் சங்கிலியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு முழங்குகிறார். ஊரே வாய் பிளந்து பார்க்கிறது. அப்பத்தா சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார். வசந்தசேனையாக நடித்த டி. ஆர். ராஜகுமாரியின் முகம் வந்ததும் வெற்றிலை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிடும்.

அந்த முகத்தைச் சொல்கிறேன். வில்லி என்றால் கண்ணை உருட்ட வேண்டும், பல்லைக் கடிக்க வேண்டும், இடி இடித்தது போலச் சிரிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ராஜகுமாரி அந்த வழிக்கே போகவில்லை. தஞ்சாவூரில் ராஜாயியாகப் பிறந்தவர். ‘கச்ச தேவயானி’யிலிருந்து நாடே கனவுக்கன்னி என்று கொண்டாடிய முகம். 1948-இல் வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வில் முரசுகளின் மேல் ஏறி ஆடினாரே, அந்தக் கால்களுக்காகப் படத்தை எத்தனையோ முறை பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள்! அதே அழகை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, ஆறு வருடம் கழித்து, எல்.வி. பிரசாத் இயக்கிய இந்தப் படத்தில் விஷத்துக்குப் பாத்திரமாக வைத்தார். அப்பத்தா திட்டும்போதுகூட, “பாவி, இத்தனை அழகை வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறாளே!” என்றுதான் திட்டினார். அழகில்லாதவளாக இருந்திருந்தால் அந்த வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

1944-இல் ‘ஹரிதாஸ்’ படத்திலும் அவர் குடும்பத்தைக் கெடுக்கிறவர்தான். பாகவதர் பாட, ரம்பையாக நின்று மயக்கினார். ஆனால் ரம்பைக்கு வேண்டியது ஹரிதாசின் சொத்து. வசந்தசேனைக்கு வேண்டியது நாடு. மன்னன் அவளுக்கு ஏறிப்போகிற படிக்கட்டு, அவ்வளவுதான். ஏறி முடித்ததும் அவனையும் தள்ளிவிடுகிறாள். ஆசைநாயகி என்ற சொல்லில் வருகிற ஆசை, மன்னன் மேல் வைத்த ஆசையே இல்லை என்பதை அந்த அம்மா ஒவ்வொரு காட்சியிலும் காட்டுகிறார். மன்னனிடம் குழைகிற குரல் அப்படிக் குழையும். மன்னன் போன பிறகு வருகிற குரலில் ஈரப்பசையே இருக்காது. முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியாது. குரல் மட்டும் காய்ந்துவிடும். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது.

எதிரணியினர் வந்தவர் போனவர் எல்லாரும், “பொறுத்தது போதும், பொங்கி எழு” என்ற கண்ணாம்பாவின் வசனத்தைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். வாங்கட்டும். பொறுத்தது போதும் என்றால், பொறுக்க வைத்தது யார்? மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவன் கையைக் கட்டிப்போட்டு, அத்தனை வருடம் ஒரு தாய் வாய் மூடி இருந்தாளே, அந்தப் பொறுமைக்கு எதிரே ஒரு பாறை நிற்க வேண்டாமா? அணையில் தண்ணீர் ஏறுவதற்குச் சுவர் வேண்டும் ஐயா. அந்தச் சுவர் ராஜகுமாரி. இதற்கு மேல் என் கட்சிக்கு வாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது பேராசிரியர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். பெயர் வைப்பாயா என்றீர்கள். ஐயா, நீங்கள் வடமொழியும் கற்றவர். ‘மிருச்சகடிகம்’ நாடகம் படித்திருப்பீர்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம், மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் அதை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்தாரே! அதில் கதாநாயகி பெயர் என்ன? வசந்தசேனை! அவள் எப்படிப்பட்டவள்? அவள் காதலன் சாருதத்தனின் சின்ன மகன், பொன் வண்டி வேண்டும் என்று அழுகிறான். ஏழை வீட்டில் மண் வண்டிதான் இருக்கிறது. இவள் தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டி நிறையக் கொட்டி, “இதை வைத்துப் பொன் வண்டி செய்துகொள்” என்கிறாள். பிறர் பிள்ளை அழுவதைப் பொறுக்காத நெஞ்சு அது. அப்படிப்பட்ட பெயரை என் வீட்டில் வைக்க எனக்கு என்ன தடை? எங்கள் ஊரில் உள்ள தாய்மார்களுக்கு என்ன தடை?

தடை ஒன்றே ஒன்றுதான். ராஜகுமாரி!

பம்மல் சம்பந்த முதலியார் ‘மனோகரா’வை நாடகமாக எழுதியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம். நாடகம் எத்தனையோ மேடை ஏறியது. 1936-இல் ஒரு தடவை படமாகவும் வந்தது. அப்போதெல்லாம் வசந்தசேனை ஒரு பாத்திரத்தின் பெயர். 1954-க்குப் பிறகுதான் அது வசவாகவே ஆனது. அரசியல் மேடையில் ஒரு பெண்ணைச் சூழ்ச்சிக்காரி என்று ஏச வேண்டுமா, வசந்தசேனை என்றால் போதும். படம் பார்க்காதவனுக்கும் புரிந்தது. அப்படி ஏசியது சரி என்று நான் சொல்லவில்லை, பல நேரம் அது அநியாயம். ஆனால் ஒரு நடிகை மூன்று மணி நேரம் திரையில் நின்று, பல நூற்றாண்டாக நல்லவளாக இருந்த ஒரு பெயரை ஒருவரும் வைக்க முடியாதபடி செய்துவிட்டாரே! பத்மாவதி என்ற பெயரைப் படத்துக்கு முன்னாலும் வைத்தார்கள், பின்னாலும் வைத்தார்கள். கண்ணாம்பா நடித்ததால் அந்தப் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐயா, என்னை மடக்குவதாக நினைத்து நீங்கள் கேட்ட கேள்வியே எங்கள் அணியின் சாட்சி. அதற்காக உங்களுக்கு நன்றி.

மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம் ஐயா. அப்பத்தா கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

என் தாத்தாவுக்கு அடுத்த தெருவில் இன்னொரு வீடு இருந்தது. ஊருக்கே தெரியும். இருபத்தைந்து வருடம் அப்பத்தா அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. கோயிலுக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சோறு போடுவார், வெந்நீர் வைப்பார், வேட்டி துவைப்பார். அந்த அம்மாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். நான் பெரியவளான பிறகு என் அம்மா சொன்னார்: “உன் அப்பத்தா வாய் திறந்து ஒருத்தியைத் திட்டி நாங்கள் கேட்டது அந்தக் கொட்டகையில்தான்.”

மூன்று நாள் அவர் யாரைத் திட்டினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்தைந்து வருடமாக உள்ளே கிடந்ததை எல்லாம் கொட்டுவதற்கு அவருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. டி. ஆர். ராஜகுமாரி என்ற அந்தப் பெண், கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பி ராமண்ணாவோடு படங்கள் எடுத்து, தியாகராய நகர் பாண்டி பஜாரில் தன் பெயரில் ஒரு தியேட்டரும் கட்டி வாழ்ந்த அந்தப் பெண், எங்கள் கண்மாய்க் கரையில் ஒரு கிழவி தன் மேல் மண் வீசியதை அறிய மாட்டார். ஆனால் வீசுவதற்குத் தன் முகத்தைக் கொடுத்தார். கொஞ்சமாவது நல்லவளாகக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காமல், முழுதாகக் கொடுத்தார்.

தாத்தா இறந்த அன்று அந்த இன்னொரு வீட்டு அம்மா வந்து எங்கள் வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே வரத் துணியவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. என் சித்தப்பா விரட்டுவதற்காக எழுந்துவிட்டார். எங்கிருந்தோ ஒரு குரல், “வந்துவிட்டாளா வசந்தசேனை!” என்றது. அப்பத்தா தலைமாட்டிலிருந்து எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, “அவள் வேறு, இவள் வேறு” என்றார். அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, தாத்தாவின் கால்மாட்டில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

வணக்கம்.