மடியில் கனம் இல்லை, ஆனாலும் கை நடுங்கியது

(தென் ஆப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபம் ஒன்றில், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பூஜைக்குப் பிறகு பேசியது. பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் கோயில் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தின் சாவிக்கொத்தை முப்பது வருஷமாக இடுப்பிலேயே வைத்திருக்கும் செயலாளர் அண்ணன் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களே, மற்றக் கோயில்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, விடியற்காலை நாலு மணிக்கே வந்து அடுப்பு மூட்டிய தாய்மார்களே, இப்போது பஜனை பாடி முடித்த பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம். கம்யூனிட்டி போலீஸ் ஃபோரம் தலைவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்தும் வந்திருக்கிறார், அது பெரிய மனசு. ராத்திரி இரண்டு மணிக்கு நம் தெருவில் ரோந்து போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். என் பேச்சு எந்த யூனிஃபார்முக்கும் எதிரான பேச்சு இல்லை.

செயலாளர் அண்ணன் எனக்கு இருபது நிமிஷம் தந்திருக்கிறார். வழியில் காரை நிறுத்தினால் நமக்கு என்ன உரிமை என்பதுதான் தலைப்பு. ஐந்து விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நிறுத்தும் அதிகாரம். சோதனை போடும் அதிகாரம். மூச்சு ஊதிக் காட்டும் சோதனை. பெண்கள் தனியாக ஓட்டும்போது என்ன செய்வது. ஐந்தாவது, கூல்டிரிங்க். சிரிக்கிறீர்கள். ரோட்டில் நீட்டுகிற லஞ்சத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் எழுந்து வந்ததே அதற்காகத்தான்.

என்னைத் தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. டர்பன் கோர்ட்டில் இன்டர்பிரட்டராக இருந்தவன். கூண்டில் நிற்கும் பாட்டி தமிழில் சொன்னதை இங்கிலீஷில் சொல்வது, மாஜிஸ்ட்ரேட் இங்கிலீஷில் சொன்னதைப் பாட்டிக்குச் சொல்வது. அந்த வேலையில் சட்டப் புத்தகம் காது வழியாகவே உள்ளே போய்விடும்.

கிளேர்வுட்டில் கீரை பயிரிட்டவர் என் அப்பா. அவருக்கு ஒரு பழமொழி உண்டு: மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். பள்ளிக்கூடம் போகும்போதும் சொல்வார், மார்க்கெட்டுக்குப் போகும்போதும் சொல்வார். அந்தப் பழமொழியோடு நாங்கள் போன ஒரு பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1967. ஜோகன்னஸ்பர்க்கில் அத்தை மகளுக்குக் கல்யாணம். இன்றைக்கு என்3-இல் ஏறினால் ஆறு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். அன்றைக்கு நிறவெறி ஆட்சி. நம் நேட்டால் மாகாணத்தில் இருக்கும் இந்தியன், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் மாகாணத்துக்குள் கால் வைக்க பர்மிட் வாங்க வேண்டும். நேர் வழியில் குறுக்கே வரும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நாம் குடியிருக்கவே முடியாது. அதனால் அப்பா நியூகாஸில், சார்ல்ஸ்டவுன் வழியாக வோல்க்ஸ்ரஸ்ட் போகலாம் என்று முடிவு செய்தார். 1913-இல் காந்தியோடு நம் முன்னோர் 2,000 பேருக்கு மேல் வரிசையாக நடந்து எல்லையைக் கடந்த அதே ஊர். எங்களிடம் பழைய ஃபோர்டு ஸெஃபர் ஒன்று இருந்தது. அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, ஒன்பது வயதில் நான். காரின் பின்னால் பூட்டில், அதாவது டிக்கியில், கல்யாணப் புடவைகள், ஒரு டின் முறுக்கு, அப்பாவின் பழைய கோட்டில் சுற்றிய குத்துவிளக்கு, அப்புறம் அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, வாயில் வெள்ளைத்துணி கட்டியது.

வோல்க்ஸ்ரஸ்ட்டில் நிறுத்தினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் பர்மிட்டை வாங்கி எங்கள் தலையை எண்ணினார். இன்னொருவர் அப்பாவிடம் பேசவே இல்லை, விரலால் பூட்டைக் காட்டினார். அப்பா திறந்தார். முதலில் குத்துவிளக்கு வெளியே வந்தது. கோட்டை உருவி, விளக்கைப் புரட்டி, தண்டைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். மேலே இருக்கும் அன்னம் தார் ரோட்டில் விழுந்து கழுத்து வளைந்தது. பாட்டி 'ராமா ராமா' என்கிறாள். அடுத்து முறுக்கு டின். ஒரு முறுக்கை எடுத்து உடைத்துப் பார்த்தார், கீழே போட்டார். இன்னொன்றை உடைத்தார், அதை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஜாடி. துணியை அவிழ்த்தார். மோந்து பார்த்தார். என்ன இது என்று கேட்டார். அப்பா இங்கிலீஷில் 'பிக்கிள், சார்' என்றார். நம்பவில்லையோ என்னவோ, நடுவிரலை உள்ளே விட்டு ஒரு துண்டை எடுத்து அப்படியே வாயில் வைத்துவிட்டார்.

அம்மா கை ஊறுகாய், ஐயா! நம் கடை மிளகாய்த்தூளில் 'மாமியார் நாக்கு' என்று ஒன்று விற்பார்களே, அதில் போட்டது. அந்த மனிதர் முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. இருமுகிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஒரு கையில் ஜாடி, ஒரு கையில் தொப்பி. அம்மா முன்சீட்டில் தலைகுனிந்தபடியே, 'அந்த ஆளுக்குத் தண்ணி குடுங்க, பாவம்' என்றாள். அப்பா செம்பை எடுத்து நீட்டினார். அந்த நாளில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் இந்தியன் செம்பில் குடிப்பதா? அவர் செம்பைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். இன்னொரு போலீஸ் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பார்த்தார். அப்புறம் மடமடவென்று குடித்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் ஐம்பது வருஷமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அவர் போகச் சொன்ன பிறகு, ரோட்டில் கிடந்த புடவைகளைப் பொறுக்கி மடித்து வைத்தது அம்மாவும் அக்காவும்தான். கார் கிளம்பியதும் அப்பா, 'மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்' என்றார். நான் பின்சீட்டிலிருந்து பார்க்கிறேன், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கையும் நடுங்குகின்றன. 'கனம் இல்லைன்னா ஏன்பா கை நடுங்குது?' என்று கேட்டேன். ஸ்டாண்டர்டன் வரும்வரை அப்பா பேசவில்லை. அங்கே வந்ததும் பசிக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

என் கேள்விக்கு இன்றைக்கு நான் பதில் சொல்வேன். அப்பா மடியில் கனம் இல்லை, ஆனால் அப்பா கையில் கேள்வியும் இல்லை. எதற்குத் திறக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்க அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை. நமக்குத் தந்திருக்கிறது. 1996 அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஒருவருடைய உடல், வீடு, உடைமை எதையும் கண்டபடி சோதனை போடக்கூடாது என்கிறது. 1998-இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் மிஸ்ட்ரி என்ற டாக்டரின் வழக்கு. மருந்துச் சட்டத்தின்படி இன்ஸ்பெக்டர்கள் வாரன்ட் இல்லாமல் உள்ளே நுழைந்து தேடலாம் என்றிருந்த பிரிவை அந்த நீதிமன்றம் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் ஆல்பி சாக்ஸ். மக்களின் அந்தரங்கத்தை மதிக்காத பழக்கம் தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டு அரசு நிர்வாகத்தில் ஊறிப்போயிருந்ததை அதில் சுட்டிக்காட்டினார். படித்தபோது எனக்கு அந்த வளைந்த அன்னம்தான் ஞாபகம் வந்தது. விளக்கு இன்னமும் என் வீட்டில் இருக்கிறது. கழுத்தை நிமிர்த்தச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். அதில் பேச்சே இல்லை. 1996-ஆம் வருஷத்து 93-ஆம் எண் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. பெயர், முகவரி, லைசன்ஸ் கார்டு கேட்கலாம், டயரும் லைட்டும் சரியா என்று பார்க்கலாம். மரியாதையாகக் காட்டுங்கள். ஆனால் டயரைப் பார்ப்பது வேறு, பூட்டைக் குடைவது வேறு.

குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1977-ஆம் வருஷத்து 51-ஆம் எண், பிரிவு 22. வாரன்ட் இல்லாமல் போலீஸ் சோதனை போட இரண்டு வழி. ஒன்று, நீங்களே சம்மதிப்பது. இரண்டு, வாரன்ட் கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்கும் நேரத்தில் காரியம் கெட்டுவிடும் என்று அவர் நம்ப நியாயமான ஆதாரம் இருப்பது. மூஞ்சியைப் பார்த்தேன், பிடிக்கவில்லை என்பது ஆதாரம் இல்லை. இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். 'பூட்டைப் பார்க்கலாமா?' என்று அவர் கேட்பார், நாம் பயத்தில் 'ஓகே ஓகே' என்போம். அந்த ஓகேதான் சம்மதம். கோர்ட்டில் எத்தனையோ தடவை நானே அதை மொழிபெயர்த்திருக்கிறேன். அதனால் அமைதியாகக் கேளுங்கள்: 'ஆபீசர், நீங்கள் என் அனுமதி கேட்கிறீர்களா, உத்தரவு போடுகிறீர்களா? என்ன காரணம்?' உத்தரவு என்றால் கையால் தடுக்காதீர்கள், சம்மதம் இல்லை என்று வாயால் சொல்லுங்கள். நேரம், இடம், சட்டையில் இருக்கும் பெயர், வண்டி நம்பர், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையை மீறி எடுத்த சாட்சியத்தால் விசாரணையின் நியாயம் கெடும் என்றால் கோர்ட் அதைத் தள்ளிவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் பிரிவு 35 சொல்கிறது.

ரோட்பிளாக் என்றால் கதை வேறு. போலீஸ் சட்டம், 1995-ஆம் வருஷத்து 68-ஆம் எண், பிரிவு 13. நாட்டின் கமிஷனரோ மாகாணக் கமிஷனரோ எழுத்தில் உத்தரவு தந்து போட்ட ரோட்பிளாக்கில், வாரன்ட் இல்லாமல் வண்டியைச் சோதிக்கலாம். ஆனால் கேட்டால் அந்த உத்தரவின் நகலைக் காட்ட வேண்டும். கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பெண்கள் விஷயம். பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியமாக. குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 29. ராத்திரியில் நம்பர் போர்டும் அடையாளமும் சரியில்லாத வண்டி நீல லைட் போட்டு நிறுத்தச் சொன்னால், ஹசார்ட் லைட்டைப் போட்டு, கையைக் காட்டிவிட்டு, மெதுவாக ஓட்டி வெளிச்சமான பெட்ரோல் ஸ்டேஷனுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ போய் நிறுத்துங்கள். போலீஸ் வேஷத்தில் கொள்ளை அடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூச்சுச் சோதனையை இன்னொரு சனிக்கிழமை பேசுகிறேன். கூல்டிரிங்குக்கு வந்துவிடுகிறேன்.

என் தங்கை மகன் கேட்டரிங் தொழில் செய்கிறான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியின் பின்னால் இரண்டு பெரிய தேக்சா பிரியாணி, ஹிக்கின்சன் ஹைவேயில் நிறுத்தினார்கள். லைசன்ஸ் கார்டு காலாவதியாகி மூன்று வாரம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய கார்டு. அதை அச்சடிக்க நாட்டுக்கே ஒரு மெஷின், 2025 தொடக்கத்தில் அது பழுதாகி லட்சக்கணக்கில் கார்டு தேங்கிய கதை நமக்குத் தெரியும். ஆனால் இவன் விண்ணப்பமே போடவில்லை, அது அவன் தப்பு. வந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இன்றைக்கு வெயில் ஜாஸ்தி, பையன்களுக்குத் தாகமாக இருக்கிறது' என்றாராம். இவன் டாஷ்போர்டில் இருக்கும் கப்பிஹோலைத் திறந்து இருநூறு ரேண்டை எடுத்து நீட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து, 'மாமா, இருநூறோடு முடிஞ்சது' என்று சந்தோஷமாகச் சொல்கிறான்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிக்கெட் என்றால் என்ன? ஒரு காகிதம். கட்டலாம், பிராசிக்யூட்டருக்கு எழுதிக் குறைக்கச் சொல்லலாம், கோர்ட்டுக்குப் போய் உன் பக்கத்தைச் சொல்லலாம். கூல்டிரிங்க் என்றால் என்ன? ஊழல் தடுப்புச் சட்டம், 2004-ஆம் வருஷத்து 12-ஆம் எண். அதில் வாங்கியவனும் குற்றவாளி, கொடுத்தவனும் குற்றவாளி. நிறுத்தும்போது அந்தப் பையன் மடியில் மூன்று வாரக் காலாவதி மட்டும்தான் இருந்தது. இருநூறு ரேண்டை நீட்டியபோது அவனாகவே கனத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். இனி எந்த உரிமையை எந்த வாயால் கேட்பான்? பிரிவு 14-ஐ மனப்பாடம் செய்தாலும் கப்பிஹோலில் கூல்டிரிங்க் பணம் இருந்தால் அது உதவாது. கொடுக்கிற கை இருக்கும்வரை நிறுத்துகிற கையும் நீளும். அடுத்த வண்டியில் வருகிற பாட்டியிடமும் அவர் தாகம் என்றுதான் சொல்வார்.

நல்ல ஆபீசர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டு, 'கார்டைச் சீக்கிரம் எடுங்க அங்கிள்' என்று சொன்ன ஒரு பெண் ஆபீசரை எனக்கே தெரியும். நாம் நீட்டுகிற ஒவ்வொரு நோட்டும் அந்தப் பெண்ணைத் தோற்கடிக்கிறது. காசு கேட்டது போலீஸ் என்றால் புகாரை விசாரிக்க ஐபிட் என்று தனி அமைப்பு இருக்கிறது. 2011-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வந்தது, மெட்ரோ போலீஸும் அதற்குள் அடக்கம். புகார் எழுதத் தெரியவில்லை என்றால் என் வீட்டுக்கு வாருங்கள். தமிழில் சொல்லுங்கள், இங்கிலீஷில் எழுதித் தருகிறேன். எனக்கு அது பழைய வேலைதான்.

தலைவர் அவர்களிடமும் கமிட்டியிடமும் என் கோரிக்கை ஒன்றுதான். இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்: இந்தக் கோயில் உறுப்பினர் யாரும் ரோட்டில் கூல்டிரிங்க் கொடுக்க மாட்டோம். கையெழுத்து வாங்குவோம். இங்கே முடிந்ததும் டோங்காட்டிலிருந்து இசிபிங்கோ வரை கோயில் கோயிலாக நான் போகத் தயார். பஸ் செலவு என்னுடையது.

வாசலில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் என் பேத்தி ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் மஞ்சள் அட்டை இருக்கும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். ரோட்டில் கேட்க வேண்டிய கேள்விகளும் நான் சொன்ன பிரிவு எண்களும் அதில் இருக்கின்றன. வீட்டில் எத்தனை வண்டியோ அத்தனை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பிஹோலில் இப்போது பணம் மடித்து வைத்திருக்கிற இடத்தில் அதை வையுங்கள். அந்தப் பணத்தை உண்டியலில் போட்டுவிட்டுப் போங்கள். இலை போட்டாயிற்று என்று தாய்மார்கள் கையைக் காட்டுகிறார்கள். வணக்கம்.